கருங்கரடிகளின் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மிசிசிப்பி மாநிலத்துக் காடொன்றிற்குக் கரடி வேட்டைக்குச் சென்றார். அடிமையாய்ப் பிறந்து, பின்னர் புகழ்பெற்ற வேட்டை வழிகாட்டியாய் விளங்கிய ஹோல்ட் கொலியர் என்பவர் கருங்கரடி ஒன்றைப் பிடித்து மரத்திற் கட்டிவைத்தார். கட்டுண்ட விலங்கைச் சுடுவது முறையன்று என ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். எனினும் அடிபட்டிருந்த அக்கரடியின் துன்பத்தை முடிக்குமாறு அவரே பணிக்க, அது கத்தியாற் கொல்லப்பட்டது. இதனைப் பற்றிப் பத்திரிகையில் வெளிவந்த கேலிச்சித்திரத்தின் பயனாகவே 'டெடி' என்னும் கரடிப் பொம்மை தோன்றியது.

பொம்மை உலகெங்கும் பெருகியது, கரடியோ அருகியது. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கிலே காடுகளின் பெரும்பகுதி வெட்டப்பட்டு விளைநிலமாயிற்று. 1964 முதல் 1967 வரை மினசோட்டா மாநிலத்திலிருந்து 161 கரடிகளைக் கொணர்ந்து லூயிசியானாவில் விட்டனர். ஆயினும் குறை தீரவில்லை. 1992இல் லூயிசியானாக் கருங்கரடி, அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமெனச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

அப்பாதுகாப்பு எப்பொழுது தேவையற்றதாகும்? டென்சாஸ், அச்சஃபலாயா என்னும் இரு ஆற்றுப்படுகைகளிலும் கரடிக் கூட்டங்கள் நீடித்து வாழும் எனத் தெளிதல் வேண்டும். அதற்கு அவற்றின் தொகை தெரிதல் வேண்டும். அடர்ந்த சதுப்புக்காட்டிலே மனிதரைக் கண்டு ஒதுங்கும் விலங்கைக் கண்ணால் எண்ணுதல் இயலாது. இவ்விடத்திலேதான் பருவகால ஊழியரின் பணி தொடங்குகிறது. பல்கலைக்கழக மாணவரும் புதிதாகப் பட்டம் பெற்றோருமே இவருட் பெரும்பாலோர். சில மாதங்களுக்கு மட்டுமே இவர்கள் வேலைக்கமர்த்தப்படுவர்.

கோடையில் இவர்கள் மரங்களைச் சுற்றி முட்கம்பி கட்டி, நடுவே பேக்கரிப் பண்டங்களை இரையாகத் தொங்கவிடுவர். மணத்தை நாடிவரும் கரடி கம்பியைக் கடக்கையில், முள்ளிலே சில மயிர்கள் சிக்கிக்கொள்ளும். வாரந்தோறும் வெப்பத்தையும் நுளம்பையும் பொறுத்து, பாம்புக்கு அஞ்சி அடிவைத்துச் சென்று, அம்மயிர்களைத் தனித்தனி உறைகளில் இட்டு, இடமும் திகதியும் எழுதுவர். ஆய்வுகூடத்திலே மரபணுவைக் கொண்டு ஒவ்வொரு மயிரும் எந்தக் கரடியுடையது எனப் பிரித்தறிவர்.

கணக்கு எளியது. முதன்முறை 40 கரடிகள் அறியப்பட்டன என்க. மறுமுறை அகப்பட்ட 40இல் 10 மட்டும் முன்னரே அறிந்தவையாயின், முன்னர் அறிந்தவை மொத்தத்தில் நாலிலொரு பங்கு எனக் கொள்ளலாம். ஆகவே காட்டிலுள்ளவை ஏறத்தாழ 160. உறையில் ஒரு தவறான எழுத்து விழினும் இக்கணக்குப் பிழைக்கும்.

மாரிக்காலத்து வேலை வேறு. சூலுற்ற பெண்கரடிகள் பெருமரப் பொந்துகளில் தங்கிக் குட்டியீனும். கழுத்தில் வானொலிக் கருவி பூட்டப்பெற்ற தாயைத் தேடிச் சென்று குட்டிகளை எண்ணுவர். 2001 முதல் 2009 வரை 48 தாய்க்கரடிகள் குட்டிகளுடன் இரு படுகைகளுக்கும் இடைப்பட்ட காட்டிற் குடியேற்றப்பட்டன. பிரிந்துகிடந்த கூட்டங்களை இணைப்பதே அதன் நோக்கம்.

பல ஆண்டுகளின் உறைகளும் குறிப்பேடுகளும் ஒன்றுசேர்ந்தபோது, 500 முதல் 750 வரையான கரடிகள் உள்ளன என மதிப்பிடப்பட்டது. 2016 மார்ச்சில் கருங்கரடி அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2024 டிசம்பரில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின், லூயிசியானாவில் மட்டுப்படுத்தப்பட்ட கரடி வேட்டையும் அனுமதிக்கப்பட்டது.

1902இல் ஒரு கரடியைச் சுடுவதா விடுவதா என்பது துப்பாக்கி ஏந்திய ஒருவரின் மனத்தைப் பொறுத்திருந்தது. இன்றோ, எத்தனை கரடிகளைச் சுடலாம் என்பது கணக்கைப் பொறுத்திருக்கின்றது. அக்கணக்கோ, பெயரறியா இளைஞர் ஒருவர் கோடை வெயிலில் நின்று உறையின்மேல் எழுதும் திகதியைப் பொறுத்திருக்கின்றது. அவர் பருவம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் எழுதியதை நம்பியே பின்வருவோர் தீர்ப்பளிப்பர்.