யாழ்ப்பாணப் பன்னாட்டு வானூர்தி நிலையம்

இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் பலாலியில் அமைந்துள்ள சிறிய வானூர்தி நிலையம், குறியீடு ஜேஏஎஃப். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து இவ்வழியே சென்னை சென்றது. உள்நாட்டுப் போரில் இது பெரும்பாலும் படைத்தளமாக இயங்கியது. சுற்றுவட்டார மக்களின் காணிகள் படையினரின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சென்றன. அக்காணிப் பிணக்கு முற்றாகத் தீரவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று இங்கிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது.

2019 அக்டோபர் 17 அன்று நிலையம் பன்னாட்டுத் தகுதியுடன் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர், குறுகிய ஓடுபாதைக்கு ஏற்ற ஏடிஆர் 72 சுழலி விமானத்தால் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியும் இணைந்தது. 2019இல் சென்னைச் சேவை தொடங்கும் வரை வடபகுதிப் பயணிகள் விமானத்தில் இந்தியா செல்லத் தெற்கே கட்டுநாயக்கா வானூர்தி நிலையத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது.