அரசு நடத்தும் இணைய அரங்குகளில் கருத்துரிமை

அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் பொதுமக்கள் விவாதிப்பதற்காகத் தம் செலவில் இணைய அரங்குகளையும் சமூக ஊடகப் பக்கங்களையும் நடத்துகின்றன. அங்கே எழுதப்படும் கருத்துகளை எந்த அளவுக்கு மட்டுறுத்தலாம் என்பது கருத்துரிமைச் சட்டத்தில் இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. தன் தளத்தில் வேண்டாத பதிவைத் தனியார் நிறுவனம் நீக்கினால் அது அந்நிறுவனத்தின் விருப்பம். அதையே அரசு ஊழியர் செய்தால் தணிக்கை என்று வழக்கு வரலாம். இத்தகைய வழக்குகள் அமெரிக்காவில் பல நடந்துள்ளன.

சட்ட அடிப்படை

அமெரிக்க அரசமைப்பின் முதலாம் திருத்தம் (1791) அரசின் கையைத்தான் கட்டுகிறது; தனியாரை அல்ல. 1983-இல் பெர்ரி கல்விச் சங்க வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசுச் சொத்துகளை மூன்றாக வகுத்தது: தெரு, பூங்கா போன்ற வழிவழியான பொது அரங்குகள், அரசு தானே முன்வந்து பேச்சுக்குத் திறந்துவிட்ட இடங்கள், பொது அரங்கு அல்லாதவை. இணைய அரங்குகள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. அப்படி ஓர் அரங்கைத் திறக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை. திறந்தால், பேசுபொருளை வரையறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொருளுக்குள் ஒரு தரப்பைப் பேசவிட்டு மறு தரப்பின் வாயை அடைக்க முடியாது. பிறர் மனம் புண்படும் என்பதைக் காரணமாக்கித் தடுப்பதும் தரப்பு சார்ந்த பாகுபாடே என்று மட்டால் எதிர் டாம் வழக்கில் (2017) தீர்ப்பானது.

சாண்டா மோனிகா முன்னோடி

கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகராட்சி 1989 பிப்ரவரியில் 'பென்' என்ற மின்னணு வலையமைப்பைத் தொடங்கியது. நகரவாசிகளுக்குக் கணக்கு இலவசம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் நூலகங்களில் வைக்கப்பட்ட முனையங்களில் எழுதினார்கள். வீடற்றவர்களும் அங்கே வந்தமர்ந்து நகரமன்ற உறுப்பினர்களோடு சரிக்குச் சரியாக வாதிட்டார்கள். குளிக்கவும் துணி துவைக்கவும் வழியின்றி, உடைமைகளைச் சுமந்துகொண்டு எப்படி வேலை தேடுவது என்ற அவர்களின் கேள்வியிலிருந்து 'ஷ்வாஷ்லாக்' திட்டம் உருவானது. குளியலறை, சலவை இயந்திரம், பூட்டறை ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கோத்து வைத்த பெயர் இது. குளியல், பூட்டறை வசதிகளுக்கு நகரமன்றம் பின்னர் நிதி ஒதுக்கியது.

அதே அரங்கில் வசைச் சண்டைகளும் பெருகின. பெண்கள் தொல்லைக்கு ஆளாகி, 'பென்ஃபெம்' என்ற தனிக் குழு அமைத்துக்கொண்டார்கள். நகராட்சி முதலாம் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டது என்பதால் பதிவுகளில் கைவைக்கத் தயங்கியது. விவாதம் ஒரு சிலரின் கைக்குப் போனது. நகரமன்ற உறுப்பினர்கள் ஒதுங்கினார்கள். பேச்சைத் தடுப்பது போலவே கட்டுப்பாடின்றி விடுவதும் பலரை அரங்கை விட்டு வெளியேற்றும் என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இது.

சமூக ஊடக வழக்குகள்

அதிபர் டொனால்ட் டிரம்ப் தம்மை விமர்சித்தவர்களை ட்விட்டரில் தடுத்தது அரசமைப்புக்கு முரணானது என்று 2019 ஜூலையில் இரண்டாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரது பதவிக்காலம் முடிந்த பின், வழக்கே பொருளற்றுப் போனதாகக் கூறி உச்ச நீதிமன்றம் 2021-இல் அத்தீர்ப்பை நீக்கியது.

சொந்தக் கணக்கு எப்போது அரசுக் கணக்காகிறது என்பதற்கு விடை 2024 மார்ச் 15 அன்று, லிண்ட்கே எதிர் ஃபிரீட் வழக்கில் கிடைத்தது. மிச்சிகனின் போர்ட் ஹியூரன் நகர மேலாளர் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் குடும்பச் செய்திகளோடு நகர நிர்வாகச் செய்திகளையும் எழுதிவந்தார். கொரோனா நடவடிக்கைகளைக் குறைகூறிய ஒருவரின் பின்னூட்டங்களை நீக்கி, பிறகு அவரையே தடுத்துவிட்டார். நீதிபதிகள் ஒருமனதாக இரண்டு நிபந்தனைகளை வகுத்தார்கள்: அப்பொருளில் அரசின் சார்பாகப் பேசும் அதிகாரம் அதிகாரிக்கு உண்மையில் இருக்க வேண்டும், குறிப்பிட்ட பதிவில் அவர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகவும் தோன்ற வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அவர் செயல் அரசின் செயலாகும்.

மட்டுறுத்தலின் எல்லை

மிரட்டல், ஆபாசம், வணிக விளம்பரம், தலைப்புக்குத் தொடர்பற்ற பேச்சு ஆகியவற்றை விலக்கும் விதிகள் பல அரசுப் பக்கங்களில் உண்டு. விதி இருந்தால் மட்டும் போதாது. அது நியாயமாகவும் இருக்க வேண்டும். தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் என்ற அமெரிக்க அமைப்பு, 'விலங்கு', 'சோதனை', 'கொடூரம்' போன்ற சொற்கள் வரும் பின்னூட்டங்கள் தானாக மறையும்படி வடிகட்டி வைத்திருந்தது. விலங்குகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளைப் பற்றித் தானே பதிவிட்டுவிட்டு, விலங்குச் சோதனை பற்றிய பேச்சைத் தலைப்புக்குப் புறம்பானது என்பது ஏற்கத்தக்கதல்ல என்று வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது.

பிற நாடுகள்

தென் கொரியாவில் பெரிய இணையதளங்களில் எழுதுவோர் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்ற சட்டத்தை அரசமைப்பு நீதிமன்றம் 2012-இல் ரத்துசெய்தது. ஆனால் பொது நிறுவனங்களின் பலகைகளுக்கு அதே கட்டாயம் செல்லும் என்று 2022-இல் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 2014-இல் தொடங்கிய மைகவ் தளத்தில் மக்கள் அரசுத் திட்டங்கள் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். இங்கே அரசமைப்பின் 19(2) பிரிவு பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு உள்ளிட்ட காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அமெரிக்காவின் முதலாம் திருத்தத்தில் அப்படியொரு பட்டியல் கிடையாது.