சேமியா ஐஸும் சாமை அரிசியும்

போன மே மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் ஓடியவள் பாதி வழியில் நின்று, "தாத்தா, அதுல கோதுமை இருக்குமா?" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது!

அவளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவள் குடலைப் புண்ணாக்கிவிடும். கோன் ஐஸில் கோன் மைதா. சேமியா ஐஸ் சொல்லவே வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா சேர்ப்பார்கள் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

நெதர்லாந்தில் டிக்கே என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஊரே ரொட்டியில்லாமல் பட்டினி கிடந்தபோது, இந்த நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் இதில் உறுதிப்பட்டது.

அதே போர் நம் பக்கத்தில் வேறொரு வேலை செய்தது. வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, மரப்பெட்டி மூடியை டக் டக்கென்று தட்டிக்கொண்டு வருகிற ஐஸ்காரரிடம் பால் ஐஸ், சேமியா ஐஸோடு ஜவ்வரிசி ஐஸும் இருக்கும். நுனியில் வழுக்கிக்கொண்டு நாக்கில் ஏறும். அதில் கோதுமை இல்லை என்று அன்று யார் நினைத்தார்கள்?

ஆனால் அந்த ஜவ்வரிசிக்கு கொல்லிமலை கொடுத்த விலை உண்டு. மலையாளி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, வரகு, கேழ்வரகு விதைத்து வந்தார்கள். சேகோ ஆலைகள் பெருகியதும் மலைக்காடுகளில் மரவள்ளி ஏறியது. கிழங்குக்குக் கையில் காசு வரும். சாமைக்கு என்ன வரும்? உமி நீக்க உரலில் போட்டுப் பெண்கள் குத்திக் குத்தித் தோள் வலிதான் மிச்சம். போதாததற்கு ரேஷன் அரிசி வேறு. சாமையை விட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் அம்மாவின் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தவன் நான்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கு வந்து, மறையவிருந்த விதைகளைச் சேகரித்ததோடு, ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரங்களையும் வைத்தது. என்னைக் கேட்டால் பெரிய காரியம் இரண்டாவதுதான். குத்துகிற வேலை குறையாமல் சாமை எப்படி அடுப்புக்கு வரும்? 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததெல்லாம் வெகு பிற்பாடு.

பேத்திக்காக முதலில் ஊரில் சாமை வாங்கி, பக்கத்து மாவு மில்லில் அரைத்தேன். இரவெல்லாம் வயிற்றுவலியில் துடித்தாள். எனக்கு முன்னால் ஒருவர் அதே இயந்திரத்தில் கோதுமை அரைத்துப் போயிருக்கிறார்! அந்த இரவு நான் தூங்கவில்லை.

பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சோளக்காட்டுச் சந்தையில் பலாச்சுளையும் தேனும் வாங்கினோம். கோதுமையே போடாத மலை இயந்திரம் ஒன்றில், கண்ணெதிரே உமி நீக்கிய சாமை கிடைத்தது. மாவாக்கவே இல்லை. குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால், மசித்த பலா, தேன் சேர்த்து, டம்ளரில் குச்சி செருகி ஃபிரிட்ஜில் வைத்தாள் என் மனைவி.

மறுநாள் மதியம் பேத்தி ஒன்றைத் தின்று முடித்து, குச்சியையும் சப்பிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, ஐஸ்காரர்கிட்ட இதைச் செய்யச் சொல்லலாமா?"

இப்போது ஃப்ரீசரில் ஆறு டம்ளர் இருக்கிறது. இரண்டு எனக்கு.