புதைத்து வைத்த வேதாகமம்

1835 ஜூன் மாதம் மடகாஸ்கரின் தலைநகர் அந்தனனரிவோவில் மலகாசி மொழியின் முதல் முழு வேதாகமம் அச்சாகி முடிந்தது. கிறிஸ்தவ மதத்துக்கு மார்ச் மாதமே தடை வந்துவிட்டது. உள்ளூர்த் தொழிலாளர்கள் அச்சகத்துக்கு வர முடியவில்லை. மிஷனெரிகளே அச்சுக் கோத்து, அவர்களே அச்சடித்தார்கள். கூட்டம் கூடக்கூடாது, ஞானஸ்நானம் பெறக்கூடாது, ஜெபிக்கக்கூடாது என்று அரசாணை சொன்ன ஊரில் அந்தப் புத்தகம் வெளிவந்தது.

தடை போட்டவர் ராணி முதலாம் ரணவலோனா. ஐரோப்பியர் எழுதிய நூல்களில் அவர் வெறும் கொடுங்கோலியாகவே வருகிறார். அது பாதிக் கதைதான். அவர் ஆண்ட இமெரினா அரசின் அதிகாரம் முன்னோர்களின் ஆசியிலும், 'சம்பி' எனப்பட்ட அரச காவல் பொருட்களிலும் நிலைகொண்டிருந்தது. அவற்றை வணங்க மறுப்பவர் நாளை அரசியையும் மறுக்கலாம். பிரான்சும் பிரிட்டனும் கடலோரத்தில் கண் வைத்திருந்த காலம் அது. வெள்ளையரின் முன்னோரான இயேசுவைத் தன் மக்கள் கும்பிடுவதில் ராணி பார்த்தது அரசத் துரோகத்தை.

வேடிக்கை என்னவென்றால், இந்த மதத்தின் விதையை ஊன்ற இடம் கொடுத்தவர் அவருடைய கணவர் முதலாம் ரதாமாவே. நாகர்கோவில் பக்கம் பணிசெய்த அதே லண்டன் மிஷனெரி சங்கம், டேவிட் ஜோன்ஸ், தாமஸ் பெவன் என்ற இரு வேல்ஸ் நாட்டவரை 1818இல் மடகாஸ்கருக்கு அனுப்பியது. சில மாதங்களில் காய்ச்சல் அந்த இரு குடும்பங்களையும் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர் ஜோன்ஸ் ஒருவர்தான். 1820இல் அவர் தலைநகருக்கு ஏறியபோது மன்னர் முதலாம் ரதாமா வரவேற்றார். மன்னருக்கு வேண்டியது எழுதப் படிக்கத் தெரிந்த அதிகாரிகளும் கைவினைஞர்களும். மலகாசிக்கு லத்தீன் எழுத்து வந்தது, பள்ளிகள் பெருகின, ஆயிரக்கணக்கானோர் படிக்கக் கற்றார்கள். மன்னர் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவே இல்லை.

1828இல் ரதாமா இறந்து ரணவலோனா அரியணை ஏறிய பிறகும் சில ஆண்டுகள் பொறுமையாகவே கழிந்தன. உள்நாட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே சோப்பு செய்ய முடியுமா என்று அரசவை கேட்டதாம். மிஷனின் கைவினைஞர் ஜேம்ஸ் கேமரன் செய்து காட்டினாராம். மிஷனெரிகளால் பயன் உண்டு என்று காட்டிய அந்தச் சோப்புக் கட்டி வாங்கித் தந்த அவகாசத்தில் 1830இல் புதிய ஏற்பாடு அச்சேறியது.

1836இல் கடைசி மிஷனெரிகளும் கப்பலேறினார்கள். போகுமுன் எஞ்சிய பிரதிகளை நம்பகமானவர்களிடம் ஒப்படைத்தார்கள். அவை மண்ணுக்குள் போயின. பெரியம்மை நோயாளிகளைக் கிடத்தும் குகை ஒன்றிலும் வேதாகமம் பதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். சோதனையிட வந்த வீரர்களுக்கு அதற்குள் நுழையத் துணிவில்லையாம். பிரதி கிடைக்காதவர்கள் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டார்கள். தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்று நாம் அறிந்த ஜான் பனியனின் கதையும் அப்படியே கைமாறியது. இங்கேதான் ராணியின் கணக்கு தப்பியது. குருக்களையும் கூட்டத்தையும் நம்பியிருந்த சமயம் என்றால் ஓர் ஆணையிலேயே அது கலைந்திருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவர், மறைத்து வைத்த ஒரு நூல், இரவில் ஒரு வீடு: இந்தச் சபைக்கு அவ்வளவே போதும்.

விலை பெரிது. 1837 ஆகஸ்ட் 14 அன்று ரசலாமா என்ற பெண்ணை அம்போஹிபோட்சியில் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். மடகாஸ்கரின் முதல் இரத்தசாட்சி அவர். 1849 மார்ச்சில் ஒரே நாளில் பதினெட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். பதினான்கு பேரைக் கயிற்றில் கட்டி அம்பமரினானா மலைமுகட்டிலிருந்து தொங்கவிட்டு, ஜெபத்தை விடுகிறாயா என்று கேட்டார்கள். மறுத்தவரின் கயிறு அறுக்கப்பட்டது. உயர்குடியினர் நால்வரைப் பரவோஹித்ராவில் எரித்தார்கள். உயர்குடி இரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். அந்த ஆண்டில் அபராதம், பதவிப் பறிப்பு, அடிமையாக விற்கப்படுதல் என்று தண்டனை பெற்றோர் ஏறத்தாழ 1,900 பேர்.

எல்லோரும் உறுதியாக நின்றார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பலர் வாக்குமூலம் கொடுத்துத் தப்பினார்கள், சிலர் காட்டிக்கொடுத்தார்கள். ஆனாலும் 1861இல் ராணி இறந்து தடை நீங்கியபோது, மறைவிலிருந்து வெளியே வந்தவர்களின் தொகை 1836இல் இருந்ததைவிடப் பல மடங்கு. மறு ஆண்டு வந்த லண்டன் மிஷனெரி சங்கத்தின் வில்லியம் எல்லிஸ், மரநாரால் தைத்து ஒட்டுப்போட்ட வேதாகமத் தாள்களைக் கண்டார். இரத்தசாட்சிகளின் நினைவாக நான்கு தேவாலயங்கள் எழுந்தன.

1869இல் புதிய ராணி இரண்டாம் ரணவலோனா ஞானஸ்நானம் பெற, அரச சம்பிகள் தீயிடப்பட்டன. ஒரு தலைமுறைக்கு முன் உயிரைக் கேட்ட மதம் இப்போது பதவிக்கு ஏணியானது. நெருப்பில் நின்ற சபைக்கு அரண்மனை நிழல்தான் கடினமான சோதனை என்று தோன்றுகிறது. அடிமைகளை வைத்திருந்த பெருங்குடியினர் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்தார்கள், பிரதமர் ரைனிலையாரிவோனி உட்பட. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளை அந்தக் கிறிஸ்தவ அரசு 1877இல் விடுவித்தது. சொந்த நாட்டு அடிமைகளுக்கு 1896 வரை விடுதலை இல்லை. அதுவும் தீவைக் கைப்பற்றிய பிரான்சின் ஆணையால்தான் வந்தது.