கறிவேம்பா, கருவேம்பா?

ஒரே இலையைக் கறிவேப்பிலை என்று எழுதுகிறவர்களும் கருவேப்பிலை என்று எழுதுகிறவர்களும் சரிபாதியாக இருக்கிறார்கள். பேச்சில் அது கருவேப்பில, கருகப்பில என்று மேலும் தேய்கிறது. இதை வெறும் எழுத்துப்பிழைத் தகராறாக நான் கருதவில்லை. கறி என்றால் உண்ணும் பொருளால் வந்த பெயர். கரு என்றால் நிறத்தால் வந்த பெயர். முதலாவது அந்த மரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது, இரண்டாவது மரத்தின் தோற்றத்தை மட்டும் சொல்கிறது. கறி என்பதே மூலவடிவம், கரு என்பது செவியாலும் பழக்கத்தாலும் பின்னால் வந்த திரிபு என்பது என் முடிவு. எதிர்த்தரப்பிலும் வலுவான சான்றுகள் இருப்பதால் அதைச் சற்று விரிவாகவே நிறுவ வேண்டியிருக்கிறது.

முதலில் பெயரின் பிற்பாதி. வேம்பு என்பது தமிழில் ஒரு மரத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை. இலையின் அமைப்போ கசப்போ வேம்பை நினைவூட்டினால் போதும், முன்னால் ஓர் அடைமொழி சேர்த்து அதையும் வேம்பாக்கிவிடுவது நம் வழக்கம். நிலவேம்பு ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. கசப்பால் மட்டுமே அது வேம்பு. சிவனார்வேம்பு அவுரிக்கு உறவு. மலைவேம்பு ஒன்றுதான் உண்மையிலேயே வேம்பின் குடும்பம். கறிவேம்போ எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குடும்பமான ரூட்டேசியில் சேர்ந்தது. ஒரு காம்பின் இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள் நிற்கும் அமைப்பில்தான் அது வேம்பைப் போல இருக்கிறது. இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எலுமிச்சை இலையில் இருப்பதுபோலவே நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். கசக்கினால் எழும் மணம் அந்தப் புள்ளிகளிலிருந்து வருவது. எலுமிச்சைச் செடியில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையிலும் இடுகிறது. தாவரவியலார் வகுப்பதற்கு முன்பே அந்தப் பூச்சிக்கு உறவுமுறை தெரிந்திருக்கிறது. ஆக, வேம்பு என்ற பகுதி தோற்றத்தால் வந்தது. தோற்றத்தை அதுவே சொல்லிவிட்ட பிறகு, வேம்பிலிருந்து இதை வேறுபடுத்தும் வேலை முன்னால் நிற்கும் அடைமொழிக்கு விழுகிறது.

அந்த வேலையைப் பிற மொழிகள் எப்படிச் செய்தன என்று பார்த்தால் வழி தெளிகிறது. இந்தியில் இது மீட்டா நீம், குஜராத்தியில் மீட்டோ லீம்டோ. இரண்டுக்கும் இனிப்பு வேம்பு என்று பொருள். இலை இனிப்பதில்லை, கசக்காத வேம்பு என்பதைத்தான் அந்த மொழிகள் அப்படிச் சொல்கின்றன. வேம்பு வாயில் வைக்க முடியாதது, இது வைக்கக்கூடியது என்ற வேறுபாடே அங்கும் பெயரை அமைத்திருக்கிறது. மலையாளத்தில் கறிவேப்பு, கன்னடத்தில் கரிபேவு, தெலுங்கில் கரிவேப்பாக்கு. தமிழின் கறிவேம்பும் அதே வேறுபாட்டைச் சொல்வதாகக் கொண்டால் எல்லாம் ஒரு வரிசையில் நிற்கின்றன. உணவில் சேரும் வேம்பு, அவ்வளவுதான்.

ஆனால் கறி என்ற சொல்லே ஓரிடத்தில் நின்ற சொல் அல்ல. கறித்தல் என்பது பல்லால் கடித்து மெல்லுதல். அதே வடிவம் சங்க இலக்கியத்தில் மிளகின் பெயராக வருகிறது. முசிறித் துறைக்கு யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைப் பாடும் அகநானூற்றுப் பாட்டில் மிளகுக்கு ஆளப்படும் சொல் கறிதான். மிளகு என்ற பெயரும் அக்காலத்தில் இருந்தது. இரண்டும் அருகருகே வழங்கின. இந்த ஆராய்ச்சிக்கு எல்லாவற்றையும்விட உதவுவது பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஒரு விருந்து. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்தணர் இல்லத்து உணவைச் சொல்கிறார். பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் மாதுளங்காய் வேகிறது, அதில் கறி தூவப்படுகிறது, கஞ்சகத்தின் மணமுள்ள தளிர் சேர்கிறது. இங்கே கறி மிளகு. கஞ்சகம் என்பதைக் கறிவேப்பிலை என்றே உரைகாரர்கள் கொண்டிருக்கிறார்கள். ஒரே உணவில் கறியும் இருக்கிறது, கறிவேப்பிலையும் இருக்கிறது, ஆனால் கறிவேப்பிலைக்குக் கறியோடு தொடர்பில்லாத வேறு பெயர். இலையைத் தாளிதத்துக்குச் சேர்க்கும் பழக்கம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதன் இன்றைய பெயர் அந்தப் பழக்கத்துக்கு இளையது.

பெயர் எப்போது மாறியிருக்கும்? கறி என்பது மிளகை விட்டு, மிளகு சேர்ந்த உணவுக்கும், பிறகு சோற்றோடு உண்ணும் எல்லாத் தொடுகறிக்கும் விரிந்த பிறகுதான் கறிவேம்பு என்ற கூட்டுக்குப் பொருள் கிடைத்திருக்க முடியும். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நெய்யமுது, அடைக்காயமுது என்ற வரிசையில் கறியமுதும் வருகிறது. அங்கே கறி சமைத்த காய்; மிளகு அதிலிருந்து பிரிந்து தனிப் பெயரோடு நிற்கிறது. அந்த விரிவு இன்றும் ஊருக்கு ஊர் வேறு இடத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் பலருக்குக் கறி என்றால் இறைச்சி, சில வீடுகளில் வாழைக்காய்க் கறி, ஈழத்தில் குழம்போடு கூடிய எந்தப் பதார்த்தமும் கறி, மரக்கறி என்றால் காய்வகை. இத்தனை பொருளிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: சோற்றுக்குத் துணையாகி மென்று உண்ணப்படுவது.

கருவேம்பே மூலம் என்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. அகராதிகளிலும் கருவேம்பு இடம்பெற்றிருக்கிறது. வடமொழியில் கிருஷ்ண நிம்பம், அதாவது கரிய வேம்பு, என்ற பெயர் உண்டு. கன்னடத்துக் கரி என்பதற்குக் கருமை என்றே பொருள். மரத்தின் பழமும் முற்றினால் கறுத்துப் பளபளக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பேச்சின் பெரும்பகுதியில் ஒற்றை றகரம் ரகரத்தோடு கலந்துவிட்டது. கன்னடத்திலும் பழைய றகரம் வழக்கொழிந்தது. வேறுபாடு அழிந்த மொழிகள், அந்த வேறுபாட்டைப் பற்றிய வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. அதை இன்றும் நாவில் காத்து வைத்திருக்கும் மலையாளத்தைத்தான் கேட்க வேண்டும். அங்கே இது ஐயத்துக்கு இடமின்றி வல்லின றகரம் உடைய கறிவேப்பு. கறுப்பு என்பதிலும் வல்லின றகரம் இருக்கிறதே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் கருமையைக் குறிக்கும்போது வல்லின றகரத்தோடு வருவது உகரம், கறு; இகரம் வரும்போது இடையின ரகரம், கரி. வல்லின றகரமும் இகரமும் சேர்ந்து நிற்கும் கறி என்ற வடிவத்தில் கருமை இல்லை, உணவுதான் இருக்கிறது. வடமொழிப் பெயரைப் பொறுத்தவரை, றகரம் ரகரமாகிவிட்ட ஒரு தென்மொழிப் பெயரைக் கருமை என்று படித்து மொழிபெயர்த்ததாகவே அதை நான் கருதுகிறேன்.

தமிழில் கரு என்ற அடைமொழி செடிகளோடு சேரும் முறையும் இங்கே பொருந்தவில்லை. கருவேலுக்கு எதிரே வெள்வேல் இருக்கிறது, கருந்துளசிக்கு எதிரே வெண்துளசி, கருவூமத்தைக்கு எதிரே வெள்ளூமத்தை. வெளுத்த இணை ஒன்று இருக்கும்போதுதான் கருமையைச் சொல்லிப் பிரிக்க வேண்டிய தேவை வருகிறது. அன்றாட வழக்கில் வெள்வேம்பு என்று எதையும் யாரும் சொல்வதில்லை. பழம் கறுப்பதும் ஆண்டில் சில வாரங்களுக்குத்தான். நாள்தோறும் இலைக்காக மட்டுமே கை வைக்கப்படும் மரத்துக்குப் பழத்தின் நிறத்தைக் கொண்டு பெயர் வைப்பார்களா? ஆனால் கருவேல், கருந்துளசி என்ற வரிசை காதில் பழகிப்போனவர்களுக்கு, றகரம் தெளிவாக ஒலிக்காத இடத்தில், கருவேப்பிலை என்பது இயல்பாகவே வந்திருக்கும். அடுத்து வரும் வகரத்துக்காக இதழ் குவிவதும் இகரத்தை உகரத்தின் பக்கம் இழுக்கும்.

இன்னொரு ஐயமும் எழக்கூடும். கறி மிளகாக இருந்த காலத்திலேயே, மிளகு போன்ற காய் உடைய வேம்பு என்று பெயர் வந்திருக்கலாமே? கொத்தாகத் தொங்கும் அந்தச் சிறு காய்களைப் பார்த்தால் இது முற்றிலும் பொருந்தாத எண்ணமல்ல. ஆனால் பெரும்பாணாற்றுப்படை இதற்கு இடம் தரவில்லை. கறி மிளகாக வழங்கிய இடத்தில் இலையின் பெயர் கஞ்சகம். பழைய பெயர் மறைந்து புதியது வந்தது, கறியின் பொருள் விரிந்த பின்பு என்பதே அந்த இரண்டு சொற்களின் இருப்புக்கு ஒத்துப்போகிறது.

கடல் கடந்தபோது இந்தப் பெயருக்கு நேர்ந்ததும் சொல்லத்தக்கது. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முதன்மையானவர். அவர் நினைவாக 1771-இல் லின்னேயஸ் இந்த மரத்துக்குப் பெர்கெரா கோனிகீ என்று பெயரிட்டார். 1825-இல் ஸ்பிரெங்கல் அதை முர்ரயா இனத்துக்கு மாற்றினார்; அண்மைக்கால மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பெர்கெரா என்ற பழைய பெயரே மீண்டும் ஏற்கப்பட்டு வருகிறது. அறிவியல் பெயரில் தமிழ் இல்லை, தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் மட்டும் இருக்கிறார். ஆங்கிலத்தில் கர்ரி லீஃப், மலாயில் டவுன் காரி என்று நம் பெயரின் முற்பாதி உயிரோடு இருக்கிறது. ஆனால் கர்ரி என்பதை ஒரு மசாலாப் பொடியாகப் புரிந்துகொண்டவர்கள், அந்தப் பொடியின் மணம் உடைய இலை என்று இதை நினைக்கிறார்கள். மத்தியதரைக் கடலோரத்து ஹெலிகிரைசம் என்ற சாம்பல்நிறச் செடியையும், மணம் காரணமாக, கர்ரிச் செடி என்று அழைக்கிறார்கள். அதற்கும் நம் இலைக்கும் எந்த உறவும் இல்லை. கறியில் சேர்வதால் வந்த பெயர், கறி மணப்பதால் வந்ததாகத் தலைகீழாகிவிட்டது.

உள்ளூரிலும் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. வேலை முடிந்ததும் ஒருவரை ஒதுக்கிவிட்டால், கறிவேப்பிலை மாதிரித் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்கிறோம். மென்று உண்பது என்று பொருள்படும் சொல்லைத் தலையில் தாங்கிய இலை, தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதற்கு உவமையாகிவிட்டது. சொல்லின் வேரைக் காட்டி ஒருவர் எப்படி உண்ண வேண்டும் என்று கட்டளையிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேர்ச்சொல் பழைய பழக்கத்துக்குச் சான்று, அவ்வளவே. ஆனால் இங்கே சத்துக்கணக்கும் அதே பக்கம் நிற்கிறது. நூறு கிராம் இலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பீட்டா கரோட்டினும் நிறைய. தாளிதத்தில் போடும் ஒரு இணுக்கு சில கிராம்கூட எடை வராது, அதையும் ஒதுக்கிவிட்டால் எண்ணெயில் இறங்கிய மணம் மட்டுமே மிஞ்சும். துவையலாக அரைத்தால், பொடியாக இடித்தால், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் கறிவேப்பிலைக் குழம்பாகக் காய்ச்சினால், அப்போதுதான் உடம்புக்குப் பொருட்படுத்தத்தக்க அளவு போகிறது. அங்கே இலை கறிக்குத் துணை அல்ல, இலையே கறி. சித்த மருத்துவம் பசியின்மைக்கும் செரியாமைக்கும் இதைச் சொல்வதும் உணவாக உண்ணும் அளவில்தான். இலையிலுள்ள மகாநிம்பின் போன்ற கார்பசோல் காரப்பொருள்கள் எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. அதைக் கொண்டு நீரிழிவுக்காரர் மருந்தை நிறுத்தலாம் என்றோ, நரைத்த முடி கறுக்கும் என்றோ சொல்வது சான்றை மீறிய பேச்சு. முடி கறுக்கும் நம்பிக்கைக்குக் கருவேப்பிலை என்ற பெயரே தூண்டுதலோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

நிறைய உண்ண வேண்டுமென்றால் வீட்டில் ஒரு மரம் இருப்பது நல்லது. காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் தோட்டம் தோட்டமாக விளைந்து சந்தைக்கு வரும் இலையில் குறை சொல்ல ஒன்றுதான் உண்டு. எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சிகள் பலவும் இதையும் தாக்குவதால் மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. அதன் எச்சம் இலையில் தங்குவது கேரளத்திலும் ஐரோப்பாவிலும் சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. வீட்டு மரத்தில் புழுவைக் கையால் எடுத்துப் போட்டால் போதும். வாங்குகிறவர்கள் செங்காம்பு என்று கேட்டு வாங்கலாம், மணம் கூடுதல். செடி மூன்றடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்து ஐந்தாறு கிளை வெடிக்கும். இலையை உருவாமல் இணுக்கோடு ஒடித்தால் அந்த இடத்தில் புதுத் தளிர் வரும். வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பெயர்த்தும் நடலாம். விதை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆடி, ஆவணியில் பழம் நன்றாகக் கறுத்ததும் பறித்து, சதையைக் கழுவிவிட்டு, அன்றே மண்ணில் ஊன்றிவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் எடுத்துவைத்த கறிவேப்பிலை விதை முளைக்காது.