கோப்பிப் பாதையும் வன்னிப் பெருநிலமும்

ஒரு பானத்தின் வரலாற்றை அதனை அருந்துவோரின் சுவைமாற்ற வரலாறாக மட்டும் எழுதுவது அரைவரலாறே ஆகும். 1999 இல் பெய்ஜிங் நகரிலே ஸ்டார்பக்ஸ் நிறுவனம் முதற் கடையைத் திறந்தது. 2000 இல் பழைய அரண்மனை வளாகத்தினுள்ளும் இடம்பிடித்தது. எதிர்ப்புக் கிளம்பவே 2007 இல் அக்கடை மூடப்பட்டது. ஆயின் அவ்வெதிர்ப்பு பெரும்பாலும் மரபின் மாண்பு பற்றியதாகவே அமைந்தது. கோப்பிக்கொட்டையைப் பறித்த கைகள் எவை என்ற வினா அதில் முதன்மை பெறவில்லை. அவ்வினாவை எழுப்புவதற்கு வன்னியின் வரலாறு நமக்கு உதவுகின்றது. உலகக் கோப்பி வணிகம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே வன்னியைத் தொட்டுவிட்டது. கடையாக அன்று, பாதையாக.

1835 இல் இலங்கைக் கோப்பிக்கான பிரித்தானிய இறக்குமதித் தீர்வை மேற்கிந்தியக் கோப்பிக்குரிய அளவிற்குக் குறைக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத நிலங்களை அரசின் உடைமையாக்கி, தோட்டக்காரருக்கு அவற்றை விற்க வழிசெய்தது. நிலமும் சந்தையும் இவ்வாறு அமைந்தபின் எஞ்சிய தேவை உழைப்பு. பஞ்சமும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் வாட்டிய தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகளின் முன்பணத்தால் அது திரட்டப்பட்டது.

இராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், வன்னியின் தென்மேற்கு ஓரத்துக் காடுகளைக் கடந்து, மதவாச்சி, தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் வழியிலேயே பலரை மாய்த்தன. அறுவடை முடிந்ததும் உயிர் தப்பியோர் அதே வழியால் ஊர் திரும்பினர்.

இவ்விடத்தில் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. கோப்பிக்கொட்டையைத் துறைமுகம் சேர்ப்பதற்கான கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை 1867 இல் நிறைவெய்தியது. அக்கொட்டையைப் பறித்தோர் வந்த வழியில், செட்டிகுளம் ஊடாகத் தலைமன்னார் செல்லும் புகையிரதம் 1914 இலேயே ஓடத் தொடங்கியது. அதற்குள் கோப்பி யுகமே முடிந்திருந்தது. பண்டத்திற்கும் அதனைப் படைத்த மனிதருக்கும் முதலாளித்துவம் இட்ட மதிப்பை இவ்விரு ஆண்டுகளுக்கிடைப்பட்ட தூரம் காட்டும்.

வன்னியின் வறண்ட சமநிலம் கோப்பிக்கு ஏற்றதன்று. தோட்டத் தொழிலாளருக்கான அரிசியோ இந்தியாவிலிருந்து இறக்குமதியாயிற்று. எனவே வன்னிக் குளங்களின் நெல்லும் தோட்ட முதலுக்குத் தேவைப்படவில்லை. அதன் கண்ணில் வன்னி கடந்து செல்லவேண்டிய ஒரு காடு மாத்திரமே.

இக்காலத்து இலக்கியச் சான்றும் கவனத்திற்குரியது. ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. உழைக்கும் மக்களின் கும்மி வடிவத்தை எடுத்துக்கொண்ட அந்நூல், கோப்பிச் செய்கையைத் தோட்ட நிருவாகத்தின் நோக்கிலிருந்தே பாடுகின்றது. நடந்து வந்தோரின் துயரத்தைத் தாங்கி நின்றவை, பிற்காலத்தில் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த வாய்மொழிப் பாடல்களே. ஒரே பயிர் பற்றி இரு வர்க்கங்களின் இரு இலக்கியங்கள் உருவாயின எனலாம். அதே 1869 இல் இலைநோய் தோன்றியமை வரலாற்றின் முரண்நகை. அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதேயன்றி உற்பத்தி உறவு மாறவில்லை.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1977 இன் வன்செயல்களால் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. மூதாதையர் கால்நடையாய்க் கடந்த பெருநிலத்தையே அவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கினர். பின்னர் போரின் இடப்பெயர்வுகளையும் ஏனைய வன்னி மக்களோடு சேர்ந்தே சுமந்தனர். ஆயினும் தாம் பண்படுத்திய காணிக்கு உறுதி பெறாத குடும்பங்கள் இன்றும் அவர்களிடையே உள்ளன.

ஆதலின் வன்னி வரலாற்றை எழுதுவோர் வன்னிமைகளின் வீரத்தோடும் குளங்களின் பழைமையோடும் நிறுத்திக்கொள்ளலாகாது. பெயரின்றி நடந்தோரும், நடுவழியில் வீழ்ந்தோரும், திரும்பிவந்து மண்ணைக் கொத்தியோரும் அவ்வரலாற்றின் விருந்தினர் அல்லர், அதனை ஆக்கியோர். காணி உரிமை பற்றிய இன்றைய வினா அங்கிருந்தே தொடங்கவேண்டும்.