20 லிட்டரா, 30 லிட்டரா? மலையேற பை வாங்கும் முன் முதுகை அளந்து பாருங்க!

வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, வார இறுதியில் ஏதாவது ஒரு டிரெக்கிங் பாதையில் நடக்கப் போகிறவர்களாக இருந்தாலும் சரி, ஷூ வாங்க யோசிக்கும் அளவுக்குப் பை வாங்க யோசிப்பதில்லை. வீட்டில் இருக்கும் காலேஜ் பையையோ லேப்டாப் பையையோ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. இறங்கி வரும்போதுதான் தோள் இறுகும், கழுத்து வலிக்கும்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்த பிறகு, முதல் முறையாக மலையேறுபவர்களும் அதிகம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் பை வாங்கலாம்?" என்பதுதான். ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "என் முதுகு எத்தனை சென்டிமீட்டர்?"

இந்தத் தொகுப்பில் முழு விவரத்தையும் பார்க்கலாம்.

காலேஜ் பை ஏன் சரிவராது?

காலேஜ் பையும் லேப்டாப் பையும் பஸ் ஸ்டாப்பில் இருந்து கிளாஸ் ரூம் வரை நடப்பதற்காகச் செய்யப்பட்டவை. மொத்த எடையும் தோளில்தான் தொங்கும். பை முதுகை விட்டு விலகி நிற்பதால், எடை நம்மைப் பின்பக்கமாக இழுக்கும். அதைச் சமாளிக்க நாம் நம்மை அறியாமலே முன்னால் குனிந்து நடப்போம். கழுத்து வலியும் முதுகு வலியும் வருவது இதனால்தான்.

சமதளத்தில் இது பெரிய பிரச்சினை இல்லை. மலையில் அப்படி இல்லை. வெள்ளியங்கிரியில் ஏழு மலைகள். ஆரம்பத்தில் கல் படிகள், மேலே போகப் போக மண்ணும் பாறையும்தான் பாதை. பலரும் ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில், கையில் மூங்கில் தடியோடு ஏறுவார்கள். அந்த நேரத்தில் பை ஒரு பக்கமாக ஆடினால் நம் பேலன்ஸும் ஆடும். இறக்கத்தில் கால் வழுக்க இது போதும்.

எவ்வளவு எடை சுமக்கலாம்?

ஒரு நாள் பயணத்துக்கு, பையோடு சேர்த்து நம் உடல் எடையில் 10 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவர் என்றால் 6 கிலோ. 'அவ்வளவெல்லாம் ஆகாது' என்று நினைக்க வேண்டாம். உத்தேசமாகக் கூட்டிப் பாருங்கள்.

• தண்ணீர் 2 லிட்டர் – 2 கிலோ
• சாப்பாடு, கடலை மிட்டாய், பழம் – 700 கிராம்
• ஸ்வெட்டர் – 500 கிராம்
• ரெயின் கோட் – 300 கிராம்
• மொபைல், பவர் பேங்க், டார்ச் – 600 கிராம்
• துண்டு, மாற்று உடை – 500 கிராம்
• மருந்து, முதலுதவிப் பொருட்கள் – 200 கிராம்
• காலிப் பை – 600 கிராம்

மொத்தம் 5.4 கிலோ. இதில் ஒரு கேமராவைச் சேர்த்தால் 6 கிலோவைத் தாண்டிவிடும். எடையில் பெரிய பங்கு தண்ணீருக்குத்தான். அதைக் குறைக்கக் கூடாது. குறைக்க வேண்டியது 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கடைசி நேரத்தில் திணிக்கும் பொருட்களை.

எத்தனை லிட்டர் பை வாங்கலாம்?

பையில் எழுதியிருக்கும் லிட்டர், உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சொல்வது. இரண்டு, மூன்று மணி நேர நடைக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். முழு நாள் மலையேற்றத்துக்கு 20 முதல் 25 லிட்டர். குளிர் அல்லது மழைக் காலம் என்றாலும், குழந்தைகளின் பொருட்களையும் நாமே சுமக்க வேண்டும் என்றாலும் 30 லிட்டர் வரை போகலாம்.

பெரிய பையாக வாங்கினால் நல்லதுதானே? இல்லை. இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். பாதி காலியாக இருந்தால், உள்ளே பொருட்கள் அங்கும் இங்கும் உருளும்.

முதுகை எப்படி அளப்பது?

உயரமானவர்களுக்குப் பெரிய பை, குள்ளமானவர்களுக்குச் சின்ன பை என்பது தவறான கணக்கு. ஒரே உயரம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு முதுகு நீளமாகவும் இருக்கலாம். பைக்குத் தேவை முதுகின் நீளம் மட்டும்தான்.

1. தலையைக் குனியுங்கள். கழுத்து முடியும் இடத்தில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு தெரியும். அதுதான் மேல் புள்ளி.
2. இரண்டு கைகளையும் இடுப்பு எலும்பின் மேல் வையுங்கள். கட்டை விரல்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இரண்டு கட்டை விரல்களுக்கும் நடுவில், முதுகெலும்பின் மேல் வரும் இடம்தான் கீழ்ப் புள்ளி.
3. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை டெய்லர் டேப் வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் பலருக்கும் இது 40 முதல் 50 சென்டிமீட்டருக்குள் வரும். பல பைகளின் விவரக் குறிப்பில் எந்த முதுகு நீளத்துக்குப் பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். சின்ன பைகள் பெரும்பாலும் ஒரே சைஸில்தான் வரும். அவற்றை மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இடுப்பு பெல்ட் அவசியமா?

நான்கைந்து கிலோ வரை தோளே சமாளித்துவிடும். அப்போது பை ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய பெல்ட் போதும். அதற்கு மேல் எடை போனால், பஞ்சு வைத்த அகலமான பெல்ட் வேண்டும். தோளில் இருக்கும் பாரத்தை இடுப்பு எலும்புக்கு மாற்றுவதுதான் இதன் வேலை.

பலரும் பெல்ட்டை வயிற்றின் மேல் கட்டிக்கொள்கிறார்கள். அது மூச்சு விடச் சிரமத்தைத்தான் தரும். பெல்ட் இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். பை உங்கள் முதுகைவிடக் குட்டையாக இருந்தால் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். நீளமாக இருந்தால் பை பின்புறத்தில் இடித்துக்கொண்டே வரும். அளவு சரியில்லை என்பதற்கு இவைதான் அடையாளம்.

பெண்களுக்கென்று தனியாக வரும் பைகளில் ஸ்ட்ராப் மார்பை அழுத்தாதபடி வளைந்து வரும், தோள் அகலமும் குறைவாக இருக்கும். தோள் குறுகலாக இருக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தலாம்.

கடையில் எப்படி டெஸ்ட் செய்வது?

காலிப் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாப் பையும் வசதியாகத்தான் தெரியும். நான்கைந்து கிலோ வருகிற மாதிரி தண்ணீர் பாட்டில்களைப் போட்டு மாட்டுங்கள். பிறகு இந்த வரிசையில் இறுக்குங்கள்.

• எல்லா ஸ்ட்ராப்பையும் முதலில் தளர்த்திவிடுங்கள்
• இடுப்பு பெல்ட்டைக் கட்டுங்கள்
• தோள் ஸ்ட்ராப்பை இழுங்கள். தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது
• கடைசியாக மார்பு ஸ்ட்ராப். மூச்சை நன்றாக இழுத்து விட முடிகிற அளவு போதும்

இப்போது 10 நிமிடம் நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கையைத் தூக்குங்கள், குனியுங்கள். எங்காவது அழுத்துகிறது, உரசுகிறது என்றால் அந்தப் பை வேண்டாம். 'போகப் போகப் பழகிடும்' என்று கடைக்காரர் சொல்லலாம். மலையில் போகப் போக வலிதான் கூடும். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டிலேயே இந்த டெஸ்ட்டைச் செய்யுங்கள்.

வேறு என்ன பார்க்க வேண்டும்?

நம் ஊர் வெயிலுக்கு, முதுகில் காற்றுப் போகும்படி வலை வைத்த பை நல்லது. ஆனால் வலைக்கும் பைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் எடை பின்னால் தள்ளிப்போகும். பையைக் கழற்றாமலே எடுக்க முடிகிற மாதிரி பக்கவாட்டில் பாட்டில் பாக்கெட் இருக்கட்டும். கவரை கையில் தூக்கிப் போவதைத் தவிருங்கள். கை தடிக்குத் தேவை. குரங்குகள் உள்ள பாதையில் கையில் இருக்கும் கவர்தான் முதலில் பறிபோகும்.

ரெயின் கவர் மேல் பக்கத்தைத்தான் காக்கும், முதுகு வழியாக வடியும் தண்ணீரைத் தடுக்காது. மொபைலையும் மாற்று உடையையும் தண்ணீர் புகாத தனிப் பையில் போட்டு உள்ளே வையுங்கள். காட்டுக்குள் கொண்டுபோகும் எந்தக் கவரையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கும் பையில் ஒரு இடம் ஒதுக்குங்கள்.

பொருட்களை எப்படி அடுக்குவது?

அடியில் மாற்று உடை, ஸ்வெட்டர். நடுவில், முதுகை ஒட்டி தண்ணீர், சாப்பாடு போன்ற கனமான பொருட்கள். மேலே ரெயின் கோட், மருந்து, டார்ச். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும்.

நல்ல பை தோள் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மலையேறக் கூடாது. வனத்துறை அனுமதித்த பாதையில், அனுமதித்த நாட்களில் மட்டும் செல்லுங்கள்.

சுருக்கமாக: முதலில் முதுகை அளங்கள், அடுத்து எடையைக் கூட்டுங்கள், லிட்டரைக் கடைசியாகப் பாருங்கள். கலரும் பிராண்டும் அதற்கும் பிறகுதான்.